ஸ்டீரியோ, கேமரா, ஜிபிஎஸ் போட்டபின் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை கடையில் விட்டு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் ரிவர்ஸ் கேமராவும் மாட்டி, பாட்டு கேட்டபடியே வீட்டுக்கு வந்தாயிற்று. திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கிளம்பும்போது சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்தக் கதையோடு என்னிடம் வருகிறார்கள். கார் வயரிங் வேலையில் எனக்கு இருபது வருடம் ஆகிறது. புதிதாகப் போட்ட சாமானே கெட்டு வண்டியை நிறுத்தியதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதை மாட்டிய கை போகிற போக்கில் எதையோ தளர்த்தியிருக்கும், எதையோ திரும்பச் சொருக மறந்திருக்கும். அந்த 'எதையோ'வை எங்கே தேடுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பார்ப்பதற்கு முன்னால் கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது? 'டக டக டக' என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் தெம்பு இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. 'டக்' என்று ஒரே ஒரு அடி அடித்து நின்றால் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும் அதற்கு வரும் தடித்த கேபிளையும் பார்க்க வேண்டும், அதிலும் பேட்டரியின் மைனஸை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் கேபிளை. மீட்டர் போர்டில் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை என்றால் செல்ஃபுக்குக் கட்டளை போய்ச்சேரவில்லை: கிளட்ச் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், ஃப்யூஸ், இக்னிஷன் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் சொருகி) என்று தேட வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப்புக்குக் கரன்ட் இல்லை அல்லது திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பூட்டிவிட்டது.

எனக்குப் போன் செய்கிறவர்களிடம் முதல் வேலையாக, போனை டேஷ்போர்டு பக்கம் பிடித்துச் சாவியைத் திருப்பச் சொல்வேன். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

பேட்டரி மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. அதைச் சந்தேகப்பட வேண்டுமா?

பேட்டரியை விடுங்கள், அதன் தலையில் இருக்கும் கிளாம்ப்பைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். வயரிங் வேலை தொடங்குமுன் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவது நல்ல பழக்கம். வேலை முடிந்து மாட்டும்போது 10 மி.மீ. ஸ்பேனர் வேறு யார் கையிலாவது இருக்கும்; பையன் கையாலேயே அழுத்தி வைத்துவிட்டுப் போவான். விளக்கு எரிய அந்தப் பிடிப்பு போதும். செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்குப் போதாது. விரலால் கிளாம்ப் அசைந்தாலே அது லூஸ்தான்.

பிறகு மல்டிமீட்டரை வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.9க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்; 9.6க்குக் கீழே சரிந்தால் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரிக்கு வயதாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்.

போட்ட அன்று நன்றாக ஓடியது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன், செத்துவிட்டது. ஏன்?

வண்டி தூங்கும்போது எதுவோ விழித்துக்கொண்டிருக்கிறது. பூட்டி நிறுத்திய காரும் கடிகாரம், அலாரம், சாவி ரிசீவர் என்று 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கத்தான் செய்யும், அது சகஜம். கூடவே 400 மில்லி ஆம்பியர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் மணி போகும். நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர் மணி பேட்டரிதான் அதிகம். இரண்டே நாளில் பாதிக்கு மேல் காலி.

குற்றவாளி பெரும்பாலும் ஸ்டீரியோவின் மஞ்சள், சிவப்பு வயர்கள்தான். மஞ்சள் எப்போதும் கரன்ட் இருக்கும் லைனுக்குப் போக வேண்டும். நேரம், செட்டிங் எல்லாம் அழியாமல் இருப்பது அதனால்தான். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஏசிசி லைனுக்குப் போக வேண்டும். பழைய கப்ளர் பொருந்தாதபோது சிலர் இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே லைனில் கொடுத்துவிடுவார்கள். செட்டும் பாடும், கஸ்டமரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் செட் தூங்கவே தூங்காது.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து மூடி, ஐந்து நிமிடம் கழித்து ஸ்கிரீனைத் தொடுங்கள். சாவி இல்லாமலே செட் உயிர்பெற்று எழுந்தால் சிவப்பு வயர் தப்பான இடத்தில் இருக்கிறது என்று ஏறக்குறைய முடிவுசெய்யலாம்.

ஆம்ப்ளிஃபயர் போட்டிருந்தால் இன்னொன்றும் உண்டு. ஆம்ப்பை எழுப்புவதற்கென்று ஸ்டீரியோவிலிருந்து ஒரு நீல வயர் வரும். அதை விட்டுவிட்டு நேராக பேட்டரி லைனில் கொடுத்திருந்தால் ஆம்ப் ராத்திரி முழுக்க எரியும். காலையில் வண்டியைத் தொடுமுன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு அதைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

கரன்ட் கசிவை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் போதும். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். டிரைவர் கதவைத் திறந்தபடி, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மடக்கிவிடுங்கள். கதவு மூடிவிட்டது என்று கார் நினைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் சாவி என்றால் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், பக்கத்தில் இருந்தாலே கார் விழித்துக்கொள்ளும். இப்போது நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள்.

முதலில் சில ஆம்பியர்கூடக் காட்டும். பயப்பட வேண்டாம். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அரைமணி, சில வண்டிகளில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். டீ குடித்துவிட்டு வாருங்கள். அதன்பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு வெகு மேலே நின்றால், புதிதாகப் போட்டவற்றின் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் தடாலென்று விழுகிறதோ அதுதான்.

மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

டேஷ்கேம் பேட்டரியைத் தின்னுமா?

பார்க்கிங் மோடில் தின்னும். நின்ற வண்டியையும் கண்காணிக்க வேண்டுமென்றால் அதற்குக் கரன்ட் வேண்டாமா? குறைந்த வோல்ட்டில் தானாக நின்றுபோகும் வசதியுள்ள ஹார்டுவயர் கிட் (கேமராவைக் காரின் வயரிங்கில் நேராக இணைக்கும் செட்) வாங்கி, அதை 12.2 வோல்ட்டில் வையுங்கள். 11.8 என்று ஒரு தேர்வும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வண்டி எடுப்பவர் பார்க்கிங் மோடை அணைத்து வைப்பதே மேல்.

ஜிபிஎஸ் டிராக்கர் போட்டோம். செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

உங்கள் டிராக்கரில் 'எஞ்சின் கட்' வசதி (ஆப்பிலிருந்தே எஞ்சினை நிறுத்துவது) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் எங்கோ ஒரு வயரை வெட்டி, நடுவில் ஒரு ரிலேயை (கரன்டால் இயங்கும் சுவிட்சை) நுழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது பெட்ரோல் பம்ப் வயர் அல்லது இக்னிஷன் வயர்.

அந்த ரிலேயின் அடியில் ஐந்து கால்கள் இருக்கும்: 30, 85, 86, 87, 87ஏ. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு. ரிலே சும்மா இருக்கும்போது 30க்கும் 87ஏவுக்கும் தொடர்பு இருக்கும். காயிலுக்குக் கரன்ட் கொடுத்தால் 30 போய் 87ஐத் தொடும். ஆகவே பம்ப் வயரை 30, 87ஏ வழியாக விட்டிருந்தால் டிராக்கர் செத்தாலும் வண்டி ஓடும். 30, 87 வழியாக விட்டிருந்தால் டிராக்கர் உயிரோடு இருந்தால்தான் வண்டிக்கு உயிர். பார்ப்பதற்கு ஒரு கால்தான் வித்தியாசம், ஆனால் நடுரோட்டில் நிற்பது நீங்கள்.

சரியாகவே போட்டிருந்தாலும் மலிவான சாக்கெட் நாளடைவில் சூடாகும். போன மாதம் ஒரு டாக்ஸி வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகும், மதியம் ஆகாது, டேஷ்போர்டைத் தட்டினால் ஆகும். டிரைவர் தட்டுவதில் நிபுணராகவே ஆகிவிட்டார். கீழே குனிந்து ரிலேயை உருவினால், வெள்ளை சாக்கெட்டில் 30ஆம் கால் இருந்த இடம் பிஸ்கட் நிறத்தில் கருகி, காலைப் பிடிக்க வேண்டிய தகடு வாயைப் பிளந்து நின்றது. சாக்கெட்டை மாற்றி, வயரை சால்டர் செய்து கொடுத்தேன். தட்டுகிற வேலை போயிற்று.

சோதிக்க எளிய வழி: ரிலேயை உருவிவிட்டு, சாக்கெட்டில் வெட்டிய வயரின் இரண்டு முனைகளும் வந்து சேரும் துளைகளை ஃப்யூஸ் உள்ள ஒரு துண்டு வயரால் இணையுங்கள். எஞ்சின் பிடித்தால் டிராக்கர் பக்கம்தான் கோளாறு. அதற்கு முன்னால் வீட்டில் யாராவது ஆப்பில் தெரியாமல் 'கட்' பொத்தானை அமுக்கிவிட்டார்களா என்றும் கேட்டுவிடுங்கள். நடந்திருக்கிறது.

மீட்டர் போர்டில் சாவிப் படம் கண்சிமிட்டுகிறது. என்ன அது?

இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. சாவித்துளையைச் சுற்றியுள்ள வளையம்போன்ற ஆன்டெனா அதைப் படிக்கும். படிக்க முடியாவிட்டால் எஞ்சினுக்கு அனுமதி கிடையாது. டிராக்கருக்கோ சென்டர் லாக்குக்கோ இக்னிஷன் வயர் தேடி ஸ்டீரிங் கீழ்மூடியைக் கழற்றியவர்கள், அந்த வளையத்தின் மெல்லிய கப்ளரை இழுத்து வைத்திருக்கலாம். மூடியைத் திறந்து அதை அழுத்திப் பாருங்கள்.

ஒரே சாவி வளையத்தில் இரண்டு சிப் சாவிகள் தொங்கினாலும் குழப்பம் வரும், பிரித்துவிட்டு முயலுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில், புதிதாக வைத்த வயர்லெஸ் சார்ஜரின் மேலோ பக்கத்திலோ ஸ்மார்ட் சாவியை வைத்திருந்தால் கார் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் எடுத்துக்கொள்ளும்.

ரிமோட் ஸ்டார்ட் கிட் பற்றி ஒரு வார்த்தை. அது வேலைசெய்ய வேண்டுமென்று இரண்டாவது சாவியின் சிப்பை டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இம்மொபிலைசர் இருந்தும் இல்லாத மாதிரிதான். நான் போட்டுத் தருவதில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டி. பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தினால் ஸ்டீரியோ மட்டும் ஆன் ஆகிறது.

பின்னால் போய் பிரேக் லைட் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லையா? நீங்கள் பிரேக் மிதித்தது காருக்கே தெரியவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் காரில் இதுதான் நடந்தது. பேரன் ஆசைப்பட்டான் என்று பின்கண்ணாடிக்கு மேலே மினுக்கும் எல்இடி பிரேக் பட்டை போட்டிருந்தார். அதன் வயரை டிக்கிக் கதவின் கீல் வழியாகக் கொண்டுபோயிருந்தார்கள். கதவு திறந்து மூட, திறந்து மூட, கீல் அந்த வயரைக் கத்தரிபோல நசுக்கி, உள்ளே செம்பு தெரிந்தது. அது பாடியில் பட்டதும் ஸ்டாப் லைட் ஃப்யூஸ் போயிற்று. பிரேக் சிக்னல் இல்லை. ஸ்டார்ட்டும் இல்லை, கியர் லிவரும் 'பி'யை விட்டு நகரவில்லை. அவரிடம் வேறொருவர் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். 10 ஆம்பியர் சிவப்பு ஃப்யூஸ் ஒன்றும் ஒரு சாண் வயரும்தான் ஆயிற்று.

சில கார்களில் இந்த நிலையில் பட்டனை 10, 15 விநாடி விடாமல் அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். உங்கள் காரின் கையேட்டில் போட்டிருப்பார்கள்.

எந்த ஃப்யூஸைப் பார்ப்பது? அறுபது எழுபது இருக்கிறதே.

மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். ரேடியோ, டோம் (உள்விளக்கு), பேக்கப் (எப்போதும் கரன்ட் இருக்கும் லைன்), ஸ்டாப், இக்னிஷன், மீட்டர் என்று எழுதியிருப்பவற்றை முதலில் பாருங்கள். டோம் அல்லது பேக்கப் என்றிருப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல கார்களில் அதே லைன்தான் எஞ்சின் கம்ப்யூட்டருக்கோ இம்மொபிலைசருக்கோ போகிறது. ஸ்டீரியோ மாட்டும்போது மஞ்சள் வயர் ஒரு கணம் பாடியில் உரசினால் போதும். போன ஃப்யூஸுக்குப் பதில் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். 10 போனது என்று 20 போட்டால், அடுத்தமுறை உருகப்போவது வயர்.

எல்லாம் பார்த்தாயிற்று. மேனுவல் வண்டி, சத்தமே இல்லை.

அன்றே தரைக்கு 7டி மேட்டும் போட்டீர்களா? சிரிக்க வேண்டாம். பல கார்களில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் அடிக்கும். தடித்த மேட் பெடலுக்கு அடியில் ஏறிக்கொண்டால் அந்தக் கடைசி அரை அங்குலம் போகாது. மேட்டை இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள்.

மீட்டர் போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒன்றாக எரிகின்றன.

காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள் உண்டு. அதுதான் கேன் லைன். ஸ்டீரிங் பட்டன்களையும் கேமராவையும் வேலைசெய்ய வைக்க, ஆண்ட்ராய்டு செட்டோடு வரும் சின்ன டீகோடர் பெட்டி இதில்தான் சேரும். கப்ளரில் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. தோலைச் சீவி டேப் சுற்றியிருந்தால், நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை இளகி, இரண்டு வயரும் ஒன்றையொன்று தொடும். உடனே காருக்கு மௌனவிரதம்.

முதலில் அந்தப் பெட்டியின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். மீட்டர் உள்ளவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீரிங்குக்குக் கீழே, மெக்கானிக் ஸ்கேனர் சொருகும் ஓபிடி சாக்கெட்டில் 6ஆம் 14ஆம் துளைகளுக்கு நடுவே ஓம் அளக்கலாம். பொதுவாக 60 ஓம் இருக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வயர்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. அதே சாக்கெட்டில் ப்ளூடூத் டாங்கிள் நிரந்தரமாகச் சொருகியிருந்தால் அதையும் உருவுங்கள். அதன் 16ஆம் துளையில் சாவி இல்லாமலும் கரன்ட் இருக்கும்.

'ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) போயிடுச்சு' என்கிறார்கள். நம்பலாமா?

கடைசியில் நம்பலாம். டெர்மினல், ஃப்யூஸ், எர்த், ஈசிஎம்முக்கு வரும் கரன்ட் இவ்வளவையும் அளந்து காட்டியபிறகு சொன்னால் கேளுங்கள். எர்த்தை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு: டேஷ்போர்டுக்குப் பின்னால் கம்பெனி எர்த் வயர்கள் நாலைந்து ஒரே போல்ட்டில் இருக்கும். ஸ்டீரியோவின் கறுப்பு வயருக்கு இடம் வேண்டுமென்று அதைக் கழற்றி, திரும்ப அரைகுறையாக முடுக்கிவிடுவார்கள்.

ஒன்றைத் தொடக்கூடாது. மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அதில் டெஸ்டர் வைத்துக் குத்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

ஜம்ப் ஸ்டார்ட் எப்படிச் செய்வது?

சிவப்புக் கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனையைச் செத்த வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் மெயின் ஃப்யூஸும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து போகும். பெரிய லாரிகளிலிருந்து கரன்ட் எடுக்காதீர்கள், பெரும்பாலும் அது 24 வோல்ட்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

மேனுவல் என்றால் இரண்டாவது கியரில் முயலலாம். ஆட்டோமேட்டிக்கில் முடியாது. மீட்டர் விளக்கே எரியாத அளவுக்குப் பேட்டரி செத்திருந்தால் பெட்ரோல் பம்ப்புக்கே கரன்ட் இருக்காது. தெருவையே கூட்டித் தள்ளினாலும் வேர்வைதான் மிச்சம்.

மின்சாரக் காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். பெரிய பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும், அதை இணைக்கும் சுவிட்சை இயக்குவது ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். ஸ்டீரியோ அதைக் காலி செய்தால் 90 சதவீதம் சார்ஜோடு வண்டி கல்லாய் நிற்கும். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் பக்கம் மட்டும் கை போகக்கூடாது, அவை உயர் மின்னழுத்தம்.

வாரண்டி போய்விடுமா?

வயரை வெட்டினால், அந்த வயரிங் தொடர்பான கோளாறுக்கு சர்வீஸ் சென்டர் கைவிரிக்க வாய்ப்பு அதிகம். விலையுயர்ந்த செட் போட்டால் இன்சூரன்ஸிலும் சொல்லிவிடுங்கள்.

கடையில் விடும்போதே என்ன சொல்ல வேண்டும்?

சென்னையில் ஜி.பி. ரோட்டில் போட்டாலும் உங்கள் ஊர்த் தெருமுனையில் போட்டாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, என் வண்டி மாடலுக்கான கப்ளர் இருக்கா? வயரை வெட்டாம போடணும்." இல்லை என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். பேட்டரியிலிருந்து நேராக இழுக்கும் எந்த வயருக்கும் பேட்டரி பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குள், ஃப்யூஸ் இருக்க வேண்டும். கழற்றிய பழைய செட்டையும் கப்ளரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புமுன் ஹார்ன், பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், சென்டர் லாக் எல்லாவற்றையும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். மூன்று முறை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

இப்போது நடுவழியில் நிற்கிறேன். கையில் மீட்டரும் இல்லை, ஸ்பேனரும் இல்லை.

டெர்மினலைக் கையால் அழுத்தித் திருகுங்கள். ஸ்டீரியோ, டேஷ்கேம், டாங்கிள், சார்ஜர் என்று உருவ முடிந்ததையெல்லாம் உருவுங்கள். பத்து நிமிடம் காரைப் பூட்டிவிட்டு, திறந்து முயலுங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் அணைக்காமல் நேராக வீட்டுக்கோ மெக்கானிக்கிடமோ போங்கள். டீக்கடையில் நிறுத்த வேண்டாம்.